ஓடுகிற வண்டியை எதற்கு டீச்சர் பிரிக்கிறீர்கள்?



போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் நான்கு பேராவது கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், ராத்திரி பதினோரு மணிக்கும் ஆன்லைன்ல பச்சை விளக்கு எரியுது, அப்படி என்னதான் பண்றீங்க?" என் நாத்தனார் வேறு, "அண்ணி ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில சேர்ந்துட்டாங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நம் பள்ளி முன்னாள் மாணவிகள் சேர்ந்து படிப்பு உதவித்தொகை கொடுக்கிறோம் அல்லவா? அதற்கு ஒரு இணையச் செயலி இருக்கிறது. பணம் கொடுப்பவர் யார், பெறும் பிள்ளை யார், எந்த மாதம் எவ்வளவு போனது என்று எல்லாமே அதில்தான். நம் 2008 பிளஸ் டூ பேட்ச் பெண் ஒருத்தி, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த மூன்று மாதத்தில், 2015-இல் தனி ஆளாக எழுதிக் கொடுத்தது அது. பைத்தான் மொழி, ஜாங்கோ என்கிற சட்டகம். பத்து வருடமாக ஒரு ரூபாய் வாங்காமல் உழைத்த செயலி. அதன் பின்பக்கத்தைத்தான் ஒன்றரை வருடமாகச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

பின்பக்கம் என்றால் என்ன என்று என் சித்தி கேட்பார். போனில் நீங்கள் பார்க்கிற பக்கம் பள்ளிக்கூட முன்வாசல் மாதிரி. பெயர்ப்பலகை, கோலம், நோட்டீஸ் போர்டு. ஆனால் பள்ளி நடப்பது ஆபீஸ் அறையில். அட்மிஷன் ரிஜிஸ்டர், ஃபீஸ் லெட்ஜர், பீரோ சாவி, எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த கிளார்க். அந்த ஆபீஸ் அறைதான் பின்பக்கம். அங்கே ஒரு ரிஜிஸ்டர் காணாமல் போனால் முன்வாசலில் எவ்வளவு நல்ல கோலம் போட்டும் பயனில்லை.

"அதான் ஓடுதே, எதுக்குப் பிரிக்கணும்?" நியாயமான கேள்வி. காரணம் இதுதான். செயலி எழுதப்பட்டது பைத்தான் இரண்டாம் வரிசையில், 2.7 என்கிற பதிப்பில். மூன்றாம் வரிசை 2008 டிசம்பரிலேயே வந்துவிட்டது. பழையதற்கான ஆதரவை 2015-இல் நிறுத்துவதாக முதலில் சொன்னார்கள். உலகம் முழுக்க நிறையப் பேர் மாறாமல் இருந்ததால் 2020 வரை நீட்டினார்கள். 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு அதில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைத்துத் தர அந்தக் குழுவினர் வர மாட்டார்கள். நம் செயலியில் பிள்ளைகளின் வங்கிக் கணக்கு எண்ணும் வீட்டு முகவரியும் இருக்கின்றன. பூட்டு செய்த கடையையே மூடிவிட்ட வீட்டில் நகையை வைத்திருப்பது மாதிரி. போதாததற்கு, சர்வரை வாடகைக்குக் கொடுத்தவர்களும் பழைய இயங்குதளத்தை எடுக்கப் போவதாக மெயில் போட்டுவிட்டார்கள்.

சங்கக் கூட்டத்தில் இரண்டு கட்சி ஆனது. ஐ.டி.யில் இருக்கும் பிள்ளைகள் சிலர், "டீச்சர், இது ரொம்பப் பழைய கோடு, தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதிடலாம், ரெண்டு மாசம் போதும்" என்றார்கள். ஆசையோடு சொன்னதுதான். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்போது படித்துக்கொண்டிருந்த ஒரு கதையைச் சொன்னேன்.

நெட்ஸ்கேப் என்று ஒரு பிரவுசர் இருந்தது. உங்களில் மூத்த பேட்ச்காரர்களுக்கு நினைவிருக்கும். அதன் நான்காம் பதிப்பு 1997-இல் வந்தது. பழைய கோடு அசிங்கமாகிவிட்டது என்று எல்லாவற்றையும் புதிதாக எழுத உட்கார்ந்தார்கள். ஐந்தாம் பதிப்பு வெளிவரவே இல்லை. ஆறாம் பதிப்பு 2000 நவம்பரில் வந்தது. அந்த மூன்று வருடத்தில் சந்தையை மைக்ரோசாஃப்டின் பிரவுசர் எடுத்துக்கொண்டது. ஜோயல் ஸ்போல்ஸ்கி என்கிற மென்பொருள்காரர் அதே 2000-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றைக்கும் படிக்கப்படுகிறது. அவர் சொல்வதன் சாரம்: பழைய கோடில் அழகில்லாமல் தெரிகிற பல வரிகள், யாரோ ஒருவருக்கு நேர்ந்த சிக்கலைத் தீர்த்த வரிகள். தூக்கிப் போட்டால் அந்த அறிவும் சேர்ந்து போய்விடும்.

அதனால் இன்னொரு வழியை எடுத்தோம். அதற்கு ரீஃபேக்டரிங் என்று பெயர். மார்ட்டின் ஃபவுலர் 1999-இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியக்கூடாது. உள் அமைப்பு மட்டும் சீராக வேண்டும். அதுவும் சின்னச் சின்ன அடிகளாக. கணக்குப் பாடத்தில் கோவையைச் சுருக்கச் சொல்வேனே, அதேதான். ஒவ்வொரு வரியிலும் சமக்குறிக்கு இரண்டு பக்கமும் மதிப்பு மாறக்கூடாது. ஒரே தாவலில் விடைக்குப் போகிறவள் எங்கே தப்பினாள் என்று அவளுக்கே தெரியாது. படிப்படியாகப் போடு, படிக்குப் படி சரிபார்.

வேலையை யார் செய்வது என்று வந்தபோது வேலையில்லாமல் இருந்தது நான் ஒருத்திதான். உங்களுக்கு நான் நடத்தியது ஸ்டார் ஆபீஸும் சி பிளஸ் பிளஸும். பிளஸ் டூ பாடநூலில் 2019-இல் பைத்தான் வந்தபோது நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கப் போய் நானும் கற்றுக்கொண்டேன். பிறகு ஜாங்கோ தளத்திலேயே இருக்கிற பயிற்சிப் பாடம், அந்த வாக்கெடுப்புச் செயலி, அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

முதல் மாதம் கோடில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. தரவுத்தளத்துக்கு முழு நகல் எடுத்தேன். அந்த நகலை வேறொரு கணினியில் ஏற்றி ஓடுகிறதா என்று பார்த்தேன். ஏற்றிப் பார்க்காத நகலை நம்பக்கூடாது. கோடு முழுவதையும் கிட்டில் போட்டேன். கிட் என்றால் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடும் காரணத்தோடும் பதிந்து வைக்கும் ரெக்கார்டு நோட்டு. அடித்தல் திருத்தல் எல்லாமே அதில் தெரியும், எந்தப் பக்கத்துக்கும் திரும்பிப் போகலாம்.

அடுத்தது டெஸ்ட் எழுதுவது. மைக்கேல் ஃபெதர்ஸ் என்பவர் 2004-இல் எழுதிய புத்தகத்தில், டெஸ்ட் இல்லாத கோடுதான் பழைய கோடு என்கிறார். எத்தனை வயது என்பது கணக்கில்லை. அவர் சொன்ன முறையைத்தான் பின்பற்றினேன். கோடு என்ன செய்ய வேண்டும் என்று முதலில் யோசிக்காதே. இப்போது என்ன செய்கிறது என்று அப்படியே எழுதி வை. போன வருட ஜூன் மாதப் பட்டியலைச் செயலிக்குக் கொடுத்து, அது தந்த விடையை விடைக்குறிப்பாக வைத்துக்கொண்டேன். இனி எதைத் தொட்டாலும் அந்த விடை மாறக்கூடாது. இப்படி 64 டெஸ்ட். ஓட்டினால் ஒரு நிமிடத்தில் 64 விடைத்தாளும் திருத்தி வந்துவிடும். நாற்பது பேர் பேப்பரை ராத்திரி முழுக்கத் திருத்தியவளுக்கு இது எவ்வளவு பெரிய சுகம் என்று உங்களுக்குத் தெரியாது.

அந்த விடைக்குறிப்பு சீக்கிரமே கைகொடுத்தது. பைத்தான் இரண்டில் 10000-ஐ 3-ஆல் வகுத்தால் 3333 வரும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஈவு மட்டும். பைத்தான் மூன்றில் அதே வரிக்கு 3333.3333333333335 வரும். ஈவு மட்டும் வேண்டுமென்றால் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு, // என்று போட வேண்டும். ஒரு நன்கொடையை மூன்று பிள்ளைகளுக்குப் பிரிக்கிற இடம் அது. வங்கிக்குப் போகும் பட்டியலில் பதின்மூன்று தசம இடம் இருந்தால் என்ன ஆகும்? டெஸ்ட் சிவப்புக் கொடி காட்டியது. அந்தப் பெண் மீதி ஒரு ரூபாயைப் பொது நிதியில் சேர்க்க ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். ஈவு, மீதி இரண்டையும் மறக்கவில்லை. ஏழாம் வகுப்பில் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்காதீர்கள்.

இரண்டாவது, நம் மொழி சம்பந்தப்பட்டது. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று. பைத்தான் மூன்றிடம் கேட்டால் ஐந்து என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. பைத்தான் இரண்டு, சாதாரணமாக எழுதிய சொல்லுக்கு, பதினைந்து என்கிறது. அது எண்ணுவது எழுத்தை இல்லை, பைட்டை. ஐந்து குறியீடு, குறியீட்டுக்கு மூன்று பைட். ரசீதில் இடம் போதாது என்று பெயரை முப்பது பைட்டோடு வெட்டுகிற ஒரு வரி பழைய கோடில் இருந்தது. ஆங்கிலப் பெயருக்கு அது தாராளம். 'மு. தமிழ்ச்செல்வி' என்று ஒரு பெயரை வைத்துக்கொள்ளுங்கள். 'மு. தமிழ்ச்' என்பதோடு 29 பைட் முடிந்துவிடும். முப்பதாவது பைட் அடுத்த 'ச'வின் மூன்றில் ஒரு துண்டு. துண்டு எழுத்து எழுத்தாகாது, ரசீதில் வெறும் கட்டம் விழும். "என் பேருக்குப் பக்கத்துல ஏன் டீச்சர் கட்டம் வருது?" என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்ததற்கு விடை அங்கே இருந்தது. இப்போது எல்லாருக்கும் முழுப் பெயர் வருகிறது.

இனி சொல்லப்போவதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

வங்கிப் பட்டியல் தயாரிக்கும் பகுதி ஒரே தொடராக நானூறு வரி. அதன் நடுவில் ஒரு வரி. அட்மிஷன் எண்ணை மாற்றிச் சொல்கிறேன்: 4417 வந்தால் வங்கிப் பட்டியலில் சேர்க்காதே, தனியாக வை. அவ்வளவுதான். ஏன் என்று ஒரு குறிப்பும் இல்லை. அந்தப் பிள்ளை படித்து முடித்துப் போய்ப் பல வருடம் ஆகிறது. என் அக்கா மகன் பெங்களூரில் இந்தத் துறையில்தான் இருக்கிறான். அவனிடம் காட்டினேன். "செத்த கோடு சித்தி, அழிச்சிடுங்க" என்றான். எந்த நிறுவனத்திலும் அப்படித்தான் சொல்வார்கள். அவன் மேல் தப்பில்லை.

எனக்கு அழிக்கக் கை வரவில்லை. எழுதிய பெண்ணுக்குப் போன் செய்தேன். அவள் இருக்கும் நாட்டில் அப்போது காலை ஆறு மணி. வரியைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்.

2017 ஜூன். அந்தப் பிள்ளையின் கணக்கு அப்பாவோடு சேர்ந்த கணக்கு. முதல் தவணை போன அன்றைக்கே அவர் எடுத்துக் குடித்துவிட்டார். ஹாஸ்டல் கட்டணம் கட்ட முடியாமல் அவள் பள்ளியை விட்டு நிற்கப் போனாள். அப்போதிருந்த தலைமையாசிரியை விஷயம் தெரிந்து சங்கத்துக்குச் சொன்னார். மறுநாள் காலை அடுத்த தவணை போகிற நாள். இவள் ராத்திரி பத்து நிமிடத்தில் அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். பணம் வங்கிக்குப் போகாமல் நேராக ஹாஸ்டலுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் போனது. காரணத்தை ஏன் எழுதி வைக்கவில்லை என்று கேட்டேன். "அந்த வீட்டு விஷயத்தை எப்படி டீச்சர் அதுல எழுதறது? யார் யாரோ பாப்பாங்களே" என்றாள்.

அந்தப் பிள்ளை இப்போது ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளிடம் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். அவளுக்கே இந்த வரியைப் பற்றித் தெரியாது. அப்பாவிடம் பணம் போகாதபடி யாரோ பார்த்துக்கொண்டார்கள் என்று மட்டும் தெரியும்.

அந்த வரியை எடுத்துவிட்டேன். எடுப்பதற்கு முன்னால் அது செய்த வேலைக்கு ஒரு சரியான இடம் செய்தேன். பிள்ளையின் பதிவில் இப்போது 'பணம் யார் வழியாக' என்று ஒரு கட்டம் இருக்கிறது: பிள்ளையின் சொந்தக் கணக்கு, பாதுகாவலர் கணக்கு, பள்ளி வழியாக என்று மூன்று வழி. காரணம் எழுத இன்னொரு கட்டம் உண்டு. அதைத் திறக்கும் அனுமதி இரண்டு பேருக்கு மட்டும். ஒரு எண்ணுக்காக ராத்திரியில் எழுதிய வரி, இப்போது யாருக்கும் கிடைக்கிற வசதி. இந்த வருடம் இரண்டு பிள்ளைகளுக்கு அது பயன்படுகிறது. புதிதாக எழுதியிருந்தால் இந்தக் கட்டம் வேண்டும் என்றே நமக்குத் தோன்றியிருக்காது.

இன்னொன்று. ஜாங்கோவில் ஒரு பதிவு இன்னொரு பதிவைச் சார்ந்திருக்கலாம். பிள்ளையின் தவணைப் பதிவு, பணம் கொடுத்தவரின் பதிவைச் சார்ந்திருக்கிறது. மேலே உள்ளதை அழித்தால் கீழே உள்ளது என்னவாகும்? பழைய பதிப்புகளில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் சேர்த்தே அழித்துவிடும். 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து, 'ஆன் டெலீட்' என்று நாமே எழுதிச் சொல்லாவிட்டால் செயலி ஓடவே ஓடாது. சேர்த்து அழிக்கவா, அழிக்கவே விடாமல் தடுக்கவா, இணைப்பை மட்டும் காலியாக விடவா? நம் செயலியில் ஒன்பது இடத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் பொருளாளரிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். தவணைப் பதிவுகளுக்கு 'தடு' என்று போட்டேன்.

மூன்று வாரம் கழித்து நம் கொடையாளர் ஒருவர் காலமானார். ஆறு வருடத்தில் பதினொரு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். மாதாமாதம் நினைவூட்டல் குறுஞ்செய்தி வருவது வேதனையாக இருக்கிறது, பெயரை எடுத்துவிடுங்கள் என்று வீட்டார் சொன்னார்கள். பொருளாளர் அழிக்கும் பொத்தானை அழுத்தினார். செயலி மறுத்துவிட்டது: இவரைச் சார்ந்து பதிவுகள் உள்ளன, அழிக்க முடியாது. பழைய கோடாக இருந்திருந்தால் பதினொரு பிள்ளைகளின் ஆறு வருடக் கணக்கும் சத்தமில்லாமல் போயிருக்கும். அவர் செய்ததற்கு நம்மிடம் அத்தாட்சியே இருந்திருக்காது. இப்போது 'செயலில் இல்லை' என்று ஒரு குறி வைத்திருக்கிறோம். செய்தி போகாது. கணக்கும் பெயரும் இருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பட்டியல் திறக்க நேரம் எடுத்தது. 212 பிள்ளைகளுக்கும் கொடையாளர் யார் என்று தரவுத்தளத்தை ஒவ்வொரு தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தது, மொத்தம் 213 கேள்வி. கையெழுத்துக்கு ஒவ்வொரு நோட்டாக ஸ்டாஃப் ரூமுக்குத் தூக்கி வரும் வகுப்புத் தலைவி மாதிரி. 'செலக்ட் ரிலேட்டட்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் ஒரே கேள்வியில் கட்டாக வந்துவிட்டது. நானூறு வரித் தொடரைப் பதினான்கு சிறு பகுதிகளாகப் பிரித்தேன். ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று அதன் பெயரே சொல்லும். கோடுக்குள்ளேயே எழுதியிருந்த கடவுச்சொற்களை வெளியே எடுத்து, எல்லாவற்றையும் மாற்றினேன்.

ஜாங்கோ 1.8-இல் தொடங்கினோம். முதலில் 1.11-க்கு வந்தோம். அது பைத்தான் இரண்டிலும் ஓடும், மூன்றிலும் ஓடும், பாலம் மாதிரி. அங்கே நின்று பைத்தானை மாற்றினோம். பிறகு 2.2, 3.2, 4.2. ஒவ்வொரு படியிலும் 64 டெஸ்ட், பிறகு ஒரு மாதம் பொறுத்திருந்து அடுத்த படி. நடுவில் ஒரு மாதம்கூட உதவித்தொகை தாமதமாகவில்லை. நீங்கள் யாரும் எந்த மாற்றத்தையும் கவனிக்கவில்லை. அதுதான் எனக்கு மார்க்.

இப்போது 5.2-க்கு நகர்த்தும் வேலை பாக்கி. 2025 ஏப்ரலில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு அது. அதோடு முடியாது. இது வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல, சில வருடத்துக்கு ஒரு முறை செய்துகொண்டே இருக்க வேண்டிய வேலை. எனக்கு அறுபத்தேழு ஆகிறது, ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்தது, இன்னொன்று கார்த்திகைக்குப் பிறகு. எழுதிய பெண் பத்து வருடம் தனியாகச் சுமந்தாள். நானும் தனியாக வைத்துக்கொண்டிருப்பது நியாயமில்லை.

அதனால் எனக்கு இரண்டு பேர் வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம் போதும். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் சொல்லித் தருகிறேன். பெரிய நிறுவனத்தில் பெரிய பதவியில் இருப்பவர்கள்தான் வர வேண்டும் என்றில்லை. குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்டுவிட்டு, திரும்பப் போகத் தயங்கிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் நம் பேட்ச்களில் நிறைய உண்டு. உங்களுக்கு இது நல்ல பயிற்சி. எதை ஏன் மாற்றினேன் என்று ஒவ்வொன்றுக்கும் தமிழிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். வீட்டு விஷயம் எதுவும் அதில் இல்லை.

ஒரே நிபந்தனை. புரியாத வரியைப் பார்த்தால் அழிப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு போன். ராத்திரி பதினோரு மணி வரை விழித்துத்தான் இருப்பேன்.

விருப்பம் உள்ளவர்கள் கமெண்டில் போடாமல் இன்பாக்ஸில் வாருங்கள். பேட்ச் வருடத்தைக் குறிப்பிடுங்கள், எனக்கு முகம் ஞாபகம் வர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்